மறுத்தவர்களும் கிருபையை மறுக்கவில்லை

ஐயா,

முன்குறித்தல் (யார் இரட்சிக்கப்படுவர் என்பதை இறைவன் முன்னரே தீர்மானித்தல்) பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரை, இதை வலியுறுத்தும் கால்வினியக் கோட்பாட்டை (சீர்திருத்தத் தலைவர் ஜான் கால்வினின் வழிவந்தது) எதிர்த்தவர்கள் மனித முயற்சியாலேயே இரட்சிப்பு கிடைக்கும் என்று வாதிட்டதாகக் கூறுவது பிழை. இக்கோட்பாட்டை எதிர்த்த டச்சு இறையியலாளர் ஆர்மீனியஸின் வழிவந்தோர் 1610-இல் முன்வைத்த ஐந்து கூற்றுகளில் மூன்றாவது, கிருபையின்றி (இறைவன் இலவசமாக அளிக்கும் அருளின்றி) மனிதனால் நன்மை எதுவும் செய்ய இயலாது என்றே அறிக்கையிடுகிறது; அந்தக் கிருபையை மனிதன் எதிர்த்து நிற்கக்கூடுமா என்பது பிளவின் முக்கியக் காரணங்களுள் ஒன்று.

இங்கே பெங்களூரில் எங்கள் தமிழ்ச் சபையின் வேதபாட வகுப்பில், பச்சிளங்குழந்தையைப் பறிகொடுத்த தாய் ஒருவர் அக்குழந்தை இரட்சிப்புக்கென இறைவனால் தெரிந்துகொள்ளப்பட்டதா என்று கேட்டபோது, முன்குறித்தலில் அசையாத நம்பிக்கையுள்ள மூப்பர், சிசுவாக இறந்த தம் பிள்ளைகளின் இரட்சிப்பைப் பற்றி இறைபக்தியுள்ள பெற்றோர் ஐயுற வேண்டியதில்லை என்னும், அந்த ஐந்து கூற்றுகளை நிராகரித்த நெதர்லாந்துத் திருச்சபைக் கூட்டமான டார்ட் பேரவையின் (1618-19) தீர்மானத்தை வாசித்துக் காட்டினார். எங்களில் பலர் அதை அன்றுதான் கேட்டோம். இவ்விரு ஆவணங்களின் முக்கியப் பகுதிகளைத் தமிழில் அருகருகே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

— வாசகர் ஒருவர், அல்சூர், பெங்களூரு