கிர்கிஸ்தானில் ஓஷ் நகருக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

பொடி வகைகள் வந்து சேர்ந்ததில் அம்மாவுக்குச் சந்தோஷம்.

இவ்வளவு பனியும் ஆறும் இருக்கிற நாட்டில் ஏன் கரண்ட் போகிறது என்று போனில் கோபப்பட்டாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கிர்கிஸ்தானின் மின்சாரத்தில் பெரும்பங்கு தண்ணீரிலிருந்து வருகிறது. அதற்கு ஆதாரம் நாரின் ஆற்றில் சோவியத் காலத்தில் கட்டிய டோக்டோகுல் அணை. அதில் தண்ணீர் குறைந்தால் கரண்டும் குறையும். அது நிரம்பினால் சுமார் 690 டிஎம்சி. நம் மேட்டூர் 93தான், யோசித்துப் பார்!

அந்த ஆறு உஸ்பெகிஸ்தானுக்குள் இறங்கி, காரா தாரியா என்ற இன்னொரு ஆற்றோடு சேர்ந்து சிர் தாரியா ஆகி, கஜகஸ்தான் வரை போகிறது. கீழே உள்ளவர்களுக்குக் கோடையில் பருத்திக்குத் தண்ணீர் வேண்டும். மேலே உள்ளவர்களுக்குக் குளிர்காலத்தில் மின்சாரம் வேண்டும். சோவியத் இருந்தவரை கோடையில் தண்ணீர் கீழே போனது, குளிரில் நிலக்கரியும் எரிவாயுவும் மேலே வந்தன. 1991-ல் சோவியத் உடைந்த பிறகு, கீழே உள்ளவர்கள் எரிவாயுவுக்குக் காசு கேட்டார்கள். கிர்கிஸ்தானிடம் காசும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி எரிவாயுவும் இல்லை. குளிர்காலத்திலேயே அணையைத் திறந்து டர்பைனை ஓட்டினார்கள். 1998-ல் ஒப்பந்தம் போட்டும் தகராறு தீரவில்லை. தண்ணீருக்காகப் போரே வரலாம் என்று 2012-ல் உஸ்பெக் அதிபர் கரிமோவ் எச்சரித்தார்.

நான் கடைமடைக்காரன். என் மனசு உஸ்பெக் விவசாயி பக்கம்தான் முதலில் போகிறது. ஆனாலும் அந்தக் குளிரில் பிள்ளைகளை வைத்திருப்பவர்களிடம் மதகை மூடு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதே நாரினில் 1,860 மெகாவாட்டுக்கு கம்பராட்டா-1 அணையைச் சேர்ந்து கட்ட, 2023-ல் கிர்கிஸ்தானும் உஸ்பெகிஸ்தானும் கஜகஸ்தானும் கையெழுத்திட்டன. போர் வரும் என்று எச்சரித்த நாடே இன்று பங்கு போட்டுக் கட்ட வருகிறது. இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதி.

அப்புறம், ஓஷில் உஸ்பெக் மக்கள் நிறைய இருக்கிறார்கள். 2010 ஜூனில் அங்கேயும் சுற்றுவட்டாரத்திலும் நடந்த இனக் கலவரத்தில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தப்பு யார் பக்கம் என்று யாரிடமும் கேட்காதே. அவர்களாகப் பேசினால் பொறுமையாகக் கேட்டுக்கொள்.

தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஓஷ் போகும் சாலை டோக்டோகுல் நீர்த்தேக்கத்தின் கரையை ஒட்டித்தான் போகிறது. பகல் வண்டியில் போ. தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து, அன்றைக்கே எனக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா