மலைப்பாதைக்கு நேரப் பலகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நகரை ஒட்டிய மலைப் பூங்காவில் இருட்டிய பிறகு வழிதவறியவர்களை மீட்புக் குழுவினர் இறக்கிக் கொண்டுவந்த செய்தியையும், அந்தப் பாதையையே மூடிவிடலாம் என்ற யோசனையையும் தங்கள் நாளிதழில் படித்தேன். மூடுவது சரியல்ல. நகர நெரிசலிலிருந்து ஒரே பேருந்தில் போய்ச் சேரக்கூடிய மலை பெரிய வரம். ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது போகிறவர்களுக்குத் தெரிவதில்லை. சிக்கல் அதில்தான் இருக்கிறது. நுழைவாயில் பலகையில் தூரம் மட்டுமே எழுதியிருக்கிறது. மாலை நான்கு மணிக்கு, காலில் செருப்பும் கையில் அரை பாட்டில் தண்ணீருமாகக் குழந்தைகளோடு ஏறுகிறவர்களை, நான் இறங்கி வரும்போது எதிரே பார்த்திருக்கிறேன். "உச்சி பக்கம்தானே?" என்று கேட்டார்கள்.

ஸ்காட்லாந்து மலையேற்ற வீரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-லேயே எளிய கணக்கு ஒன்றைச் சொன்னார்: சுமார் 5 கி.மீ. நடைக்கு 1 மணி நேரம். சுமார் 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக இன்னொரு மணி நேரம். அதுவும் நன்றாக நடப்பவர்களுக்கு, ஓய்வைச் சேர்க்காமல். குழந்தைகளும் முதியவர்களும் உடன் வந்தால் இன்னும் அதிகம் ஆகும். அப்புறம் இறங்கவும் வேண்டுமே! எனவே ஏற்றத்தின் உயரத்தையும், போய்வர ஆகும் நேரத்தையும் பலகையில் எழுத வேண்டும். எத்தனை மணிக்குப் பிறகு ஏறக்கூடாது என்பதைச் சூரியன் மறையும் நேரத்துக்கு ஏற்ப மாதந்தோறும் மாற்றி அறிவித்து, நுழைவுச் சீட்டு கொடுக்கும்போதே ஊழியர்கள் அதைச் சொல்லி அனுப்பலாம்.