பட்டி பூட்டியிருந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையகத்தில் நடக்கும் மோட்டார் சைக்கிள் விபத்துகளைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வரும்போது, விழுந்தவர் தலைக்கவசம் அணிந்திருந்தாரா இல்லையா என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். நான் நோர்வூட்டில் 18 வருடமாக மோட்டார் சைக்கிள் திருத்தும் வேலை செய்கிறவன். அந்த வரியோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். நாடிக்குக் கீழே தலைக்கவசத்தின் பட்டி பூட்டியிருந்ததா?

என் அக்கா மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். மூன்று வருடத்துக்கு முன் தீபாவளி லீவுக்கு வந்தவன், பொகவந்தலாவைப் பக்கம் கூட்டாளி வீட்டுக்குப் போய்விட்டு விடியற்காலையில் திரும்பும்போது, மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த ஒரு முடக்கில் வண்டி சறுக்கிவிட்டது. பெரிய வேகம் ஒன்றும் இல்லை. வண்டி ரோட்டிலேயே கிடந்தது. பிள்ளை தேயிலைக்குள் உருண்டுபோய், கான் ஓரத்துக் கல்லில் தலை அடிபட்டது. வண்டியை என் கராஜுக்குத்தான் கொண்டுவந்தார்கள். ஹெல்மட்டைக் காணவில்லை. இரண்டு நாள் கழித்து, அந்த மலையில் கொழுந்து எடுக்கப்போன பெண்கள் தேயிலைச் செடிக்கு அடியில் கிடந்ததைக் கண்டு எடுத்துவந்து தந்தார்கள்.

அதில் சொல்லும்படியாக ஒரு கீறல்கூட இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது.

பிறகுதான் கிளிப்பைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அமுக்கிக் கழற்றுகிற சாதாரணக் கறுப்பு பிளாஸ்டிக் கிளிப். செருகினால் 'டிக்' என்று சத்தம் கேட்கிறது. கேட்டவன் பூட்டிவிட்டது என்றுதான் நினைப்பான். இரண்டு விரலால் லேசாக இழுத்தேன், கழன்று வந்துவிட்டது. ஒரு பக்கத்துக் கொக்கி இல்லை. புதிதாக முறிந்திருந்தால் அந்த இடம் வெளிறித் தெரியும். இதிலோ அழுக்கேறி, தேய்ந்து வழவழத்துப் போயிருந்தது. அப்படியென்றால் விழுந்தபோது முறியவில்லை. பல மாதத்துக்கு முன்பே முறிந்த கிளிப்போடு பிள்ளை கொழும்புக்கும் நோர்வூட்டுக்கும் ஓடியிருக்கிறான். நானும் எத்தனையோ தடவை அதே வண்டியில் பின்னால் ஏறிப் போயிருக்கிறேன். வண்டியின் பிரேக்கைப் பார்த்தேன், செயினைப் பார்த்தேன், டயரைப் பார்த்தேன். அவன் நாடிக்குக் கீழே பார்க்கவில்லை.

உயிர் தப்பிவிட்டான். ஆனால் 'அம்மா' என்ற ஒரு சொல்லைத் தவிர மற்ற எல்லாச் சொல்லையும் இன்றைக்கும் தேடித்தான் எடுக்கிறான்.

மலைரோட்டில் விழுகிறவருக்கு ஒரே அடியோடு முடிவதில்லை. முதலில் தார் ரோடு, அடுத்து மதகுக் கட்டு, அதற்குக் கீழே கல்லும் செடித்தூரும். முதல் அடியில் ஹெல்மட் கழன்று போனால் மிச்ச அடியெல்லாம் வெறுந்தலையில்தான் விழும். ஒழுங்காக ஹெல்மட் போட்டால் தலைக்காயம் ஏறக்குறைய 69 சதவீதமும் மரணம் 42 சதவீதமும் குறைகிறது என்று 2008இல் வெளிவந்த ஒரு பெரிய மருத்துவ ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டிருக்கிறது. அந்தப் பலனெல்லாம் அடிபடும் நொடியில் ஹெல்மட் தலையில் இருந்தால்தான் கிடைக்கும்.

அன்றிலிருந்து கராஜுக்கு வருகிற ஒவ்வொரு ஹெல்மட்டின் கிளிப்பையும் கையால் இழுத்துப் பார்க்கிறேன். எங்கள் பகுதியில் பனியும் தூறலும் மாறி மாறி இருப்பதால் பட்டி காய்வதே இல்லை. இரும்புக் கிளிப் என்றால் உள்ளே ஸ்பிரிங் துருவேறிப் பாதியில் நின்றுவிடுகிறது. பட்டியை ஓட்டோடு பிடித்திருக்கும் ரிவெட்டும் துருப்பிடிக்கிறது, அதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. ஹெல்மட்டை வண்டியின் பக்கத்தில் மாட்டிப் பட்டியைத் தொங்கவிட்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது சைலன்சரில் பட்டு உருகியிருக்கும். லயத்து அறையில் ஆணியில் தொங்கிய ஹெல்மட்டின் பட்டியை எலி பாதிக்கு மேல் கடித்திருந்ததையும் கண்டிருக்கிறேன். அழுக்குப் போகப் பெற்றோல் போட்டுத் துடைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பெற்றோல் உள்ளே இருக்கும் வெள்ளைத் தெர்மகோலைக் கரைத்துவிடும். தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும்.

குளிருக்குக் கம்பளிக் குல்லா போட்டு அதற்கு மேல் ஹெல்மட் மாட்டுவது நமக்கெல்லாம் பழக்கம். மத்தியானம் வெயில் வந்ததும் குல்லாவைக் கழற்றிப் பையில் வைக்கிறோம், ஆனால் காலையில் விட்ட அளவிலேயே பட்டி தளர்ந்து தொங்குகிறது. பின்னால் உட்கார்ந்து போகும் டீச்சர்மாருக்கும் மற்றப் பெண்களுக்கும் வேறு பிரச்சினை. கொண்டைக்கு மேல் ஹெல்மட் ஏறி உட்கார்வதால் பட்டி நாடிக்கு எட்டுவதே இல்லை. முடியைத் தாழ்த்திப் பின்னினால் ஹெல்மட் சரியாக இறங்கும். இன்னும் மோசம், பின்னால் ஏறுகிறவருக்கென்று வைத்திருக்கும் அந்த இரண்டாவது ஹெல்மட். வீட்டிலேயே பழையது, பெரியது, கிளிப் போனது எதுவோ அதுதான் மனைவிக்கும் பிள்ளைக்கும் போகிறது. இதை எழுதும்போதுகூட எனக்கு மனம் கொதிக்கிறது.

கிளிப் முறிந்தால் புத்தகப்பை கிளிப் ஒன்றைக் கொண்டுவந்து, "அண்ணே, இதைப் போட்டுத் தாங்களேன்" என்று என்னிடமே கேட்பார்கள். முன்பு நானும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இப்போது செய்வதில்லை. அது கொப்பி புத்தகத்தைத் தாங்கச் செய்த கிளிப். ஹெல்மட் பட்டிக்கோ ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா.வின் 22ஆம் இலக்க விதியில் சோதனையே வைத்திருக்கிறார்கள். பட்டியை மாதிரித் தலையொன்றில் பூட்டி, 10 கிலோ எடையை 75 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு அதை இழுக்க வைக்கிறார்கள். அந்த இழுப்பில் 35 மில்லிமீற்றருக்கு மேல் இளகினால் அந்த ஹெல்மட் தேறாது. அப்புறம் பின்பக்கத்திலிருந்து முன்னால் கவிழ்க்கப் பார்க்கும் சோதனை ஒன்றும் உண்டு, 30 பாகைக்கு மேல் சாயக் கூடாது. அந்த விதிப்படி தேறிய ஹெல்மட்டின் பட்டியில், வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' (E) எழுத்தோடு ஒரு துணித்துண்டு தைத்திருப்பார்கள். நம் நாட்டிலும் இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். 517 என்ற தரவிதி தலைக்கவசத்துக்கென்றே இருக்கிறது. வாங்கும்போது நிறத்தையும் ஸ்டிக்கரையும் பார்க்கிற நேரத்தில் பாதியை இந்த முத்திரைக்குக் கொடுங்கள்.

எனக்கு நம்பிக்கையானது இரட்டை வளையப் பட்டிதான். இரண்டு வளையத்துக்குள்ளும் பட்டியைக் கோத்து, ஒன்றுக்கு மேலாகத் திருப்பி மற்றதுக்குள் விட்டு இழுத்தால் போதும். இழுக்க இழுக்க வளையமே பட்டியை நெரித்துப் பிடித்துக்கொள்ளும். முறியப் பல்லும் இல்லை, துருவேற ஸ்பிரிங்கும் இல்லை. குல்லா இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு தடவையும் புதிதாக அளவு வைக்கிறோம். ஆனால் இதிலும் ஒரு தவறு நடப்பதைப் பார்க்கிறேன். பட்டி நுனியில் ஒரு பிரஸ் பட்டன் இருக்கும். மிச்ச நுனி காற்றில் அடிக்காமல் இருக்கத்தான் அது. சில பொடியன்மார் வளையத்தில் கோர்க்காமல் அந்தப் பட்டனை மட்டும் அமுக்கிவிட்டுப் போகிறார்கள். சட்டைப் பட்டன் அளவுக்குத்தான் அது தாங்கும். பல் பட்டியில் பூட்டும் கிளிப் என்றால் ஒரு பல்லோடு விடாமல், பட்டிக்கும் தொண்டைக்கும் இடையில் இரண்டு விரல் மட்டும் போகும் அளவுக்கு உள்ளே தள்ள வேண்டும். பூட்டிய பிறகு ஹெல்மட்டின் பின்விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள். உங்கள் கண்ணை மறைக்கும்படி அது கவிழ்ந்து வந்தால் அது உங்கள் தலைக்கு உரியதல்ல.

2015இல் முகத்தை முழுவதும் மூடும் ஹெல்மட்டுக்குத் தடை என்று பொலிஸ் அறிவித்தபோது நாடே அதைப் பற்றிப் பேசியது, விஷயம் நீதிமன்றம் வரை போனது. முகம் தெரிய வேண்டுமா வேண்டாமா என்று அவ்வளவு விவாதித்த நாம், பட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சோதனைச் சாவடியில் நிற்கும் பொலிஸ் உத்தியோகத்தர்களை நான் குறை சொல்லவில்லை, மழையிலும் பனியிலும் நிற்கிறார்கள். ஆனால் தலையில் ஹெல்மட் இருக்கிறதா என்று பார்த்துக் கையைக் காட்டி அனுப்பும்போது, நாடிக்குக் கீழேயும் ஒரு பார்வை பார்த்தால் என்ன? சாவடிக்கு 100 யார் தூரத்துக்கு முன்னால் ஹெல்மட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்துவிட்டு, தாண்டியதும் கழற்றுகிறவர்களை நான் தினமும் காண்கிறேன்.

ஹெல்மட் விற்கும் கடைக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். தரமான பட்டியையும் கிளிப்பையும் உதிரிப்பாகமாக விற்கச் சொல்லி இறக்குமதி செய்பவர்களை நெருக்குங்கள். கிளிப் ஒன்று போனதற்காக முழு ஹெல்மட்டை மாற்ற, நாட்சம்பளத்தில் ஓடும் குடும்பத்தால் முடிவதில்லை. அதனால்தான் புத்தகப்பை கிளிப்பைத் தேடுகிறார்கள்.

அந்த ஹெல்மட் இன்னும் என் கராஜ் சுவரில் தொங்குகிறது. வண்டி திருத்த வருகிற பொடியன்மாரிடம் அதைக் கொடுத்து, பூட்டச் சொல்லி, பிறகு இழுக்கச் சொல்கிறேன். கையோடு கழன்று வருவதைப் பார்த்த பிறகு ஒவ்வொருவரும் தன் ஹெல்மட்டை எடுத்து இழுத்துப் பார்க்கிறான். போன கிழமை அப்படிப் பார்த்த ஆறு பேரில் இரண்டு பேருடையது கழன்று வந்தது.

ஆசிரியர் ஐயா, அடுத்த தடவை எங்கள் பக்கத்திலிருந்து விபத்துச் செய்தி வரும்போது, பட்டி பூட்டியிருந்ததா என்று உங்கள் நிருபரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் சைக்கிள் கராஜ்காரர் ஒருவர்,
நோர்வூட்.