பதினான்கு வயதுப் பேரனுக்காகப் பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். பேரன் ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தவறிவிட்டான், செல்லூரில் விசைத்தறிப் பட்டறையில் சேர்த்துவிடப் போகிறீர்கள் என்று அண்ணி சொன்னார். "இவன் வயதில் நான் குடும்பத்துக்கே சோறு போட்டேன்" என்றீர்களாம். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையை அவன் தலையில் சுமத்தாதீர்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

எந்த வயதுவரை ஒரு பிள்ளை பிள்ளையாக இருக்கலாம் என்பதைக் காலந்தோறும் பெரியவர்கள்தான் முடிவு செய்திருக்கிறார்கள். நம் மதுரையை ஆண்ட தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியனைப் புறநானூற்றின் 77ஆம் பாட்டில் பாருங்கள். குழந்தைகளின் கால்சதங்கையான கிண்கிணி கழற்றிய காலில் வீரக்கழல், கையில் வில். கழுத்தில் குழந்தைக்குக் காப்பாக அணிவிக்கும் ஐம்படைத்தாலி அப்படியே இருக்கிறது. பாலை விட்டுச் சோறு உண்டதே அன்றைக்குத்தான். பாடிய புலவர் இடைக்குன்றூர் கிழார் அவனைக் கண்டு வியக்கிறார். ஐயோ, சிறுவனாயிற்றே என்று பதறவில்லை.

ஆலைச் சட்டங்களும் அப்படித்தான். 1881ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வயதுக்கு உட்பட்டவர்களை மட்டுமே தடுத்தது. ஏழு வயதுப் பிள்ளை நாளுக்கு 9 மணி நேரம் வேலை பார்க்கலாம்! 1891இல் அந்த வயது 9 ஆனது, 1922இல் 12, 1948இல் 14. ஒவ்வொரு படியையும் யாரோ கேட்டு, வாதாடி, வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுத் தறிக்கு மட்டும் எந்தச் சட்டமும் வரவில்லை. விடிவதற்கு முன் ராட்டையில் தறிக்கான நூல் தார் சுற்றி முடித்தால்தான் பள்ளிக்கூடம். நூல் சிக்கினால் முதுகில் அடி. ஐந்தாம் வகுப்போடு அந்தப் பள்ளிக்கூடமும் நின்றது. ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த தழும்பை நீங்கள் பெருமையாகக் காட்டும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். உங்கள் மேல் அல்ல. உங்கள் கைத்திறனுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் பத்து வயதுப் பிள்ளையிடமிருந்து அதைக் கறந்த வறுமையை எப்படி மெச்சுவது? அத்தைக்கோ வயதுக்கு வந்த அன்றே படிப்பு முடிந்தது. பெண்ணின் திருமண வயது 18 என்று சட்டம் சொன்னதே 1978இல்தான்.

இன்றைய சட்டமும் முழுதாகத் துணை நிற்கவில்லை, பெரியப்பா. பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதினெட்டு நிறையாத எவரும் குழந்தை. கட்டாயக் கல்விச் சட்டமோ பதினான்கோடு கையை விட்டுவிடுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம், பதினான்கு முதல் பதினெட்டு வரை அபாயகரமான வேலைகளை மட்டும் தடுக்கிறது. நடுவில் இருக்கும் இந்த நான்கு ஆண்டுகளை ஒவ்வொரு வீடும் தானே முடிவு செய்கிறது. நம் வீட்டில் அந்த முடிவு உங்கள் கையில் இருக்கிறது. தறிச் சத்தத்தில் காது மந்தமாகிப்போன உங்களுக்கு அந்தப் பட்டறை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

அவன் அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு படிக்கட்டும். மாலையில் நான் வந்து கணக்குச் சொல்லித் தருகிறேன். ஜூனில் பள்ளி திறக்கும் அன்று நீங்களே அவனைக் கூட்டிப்போய் விடுங்கள். நீங்கள் சொன்னால் அண்ணன் மறுபேச்சுப் பேசமாட்டார்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகள்