ஜப்பானில், காரியாவில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். பல்லடத்துப் பக்கம் இன்னும் மழை இல்லை. தம்பி பரீட்சை முடிந்து வந்து, நாள் முழுக்கத் தூங்குகிறான்.

போனில் நீ கேட்டதற்கு அப்போது என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. உன்னோடு வேலை பார்க்கும் பையன் ஒருவன், “டொயோட்டா பேரெல்லாம் பழைய கதை, டெஸ்ட் கணக்கையே மாற்றி எழுதினவர்கள்தானே” என்றானாம். அவர்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிற கம்பெனியில் சேர்ந்தது சரிதானா என்று நீ யோசிக்கிறாய். அதே பேச்சில், ஒரு பாகத்தின் அளவு கொஞ்சம் விலகி வருவது கண்ணில் பட்டும், புதிதாக வந்தவள் எப்படிச் சொல்வது என்று தயங்குவதாகவும் சொன்னாய். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. நான் தறிக்காரன். தறியிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வரும்.

நம் ஊர்ச் சனத்துக்கு டொயோட்டா என்றால் குவாலிஸ், இன்னோவா. மில்லுக்குள் இருக்கிற எங்களுக்கு அது ஏர்ஜெட் தறியின் பெயர். கார் கம்பெனியே தறிக் கம்பெனியின் வயிற்றில் பிறந்ததுதான். அதை ஆரம்பித்த சகிச்சி டொயோடா 1867-ல் ஒரு தச்சர் வீட்டில் பிறந்தவர். மரத்தில் கைத்தறி செய்து 1891-ல் முதல் காப்புரிமை வாங்கினார். அடுத்து விசைத்தறி. அதில் அவர் சேர்த்த ஒரு சின்ன வேலைதான் நான் உனக்குச் சொல்ல வந்தது: குறுக்கே போகிற ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும்.

கேட்க அற்பமாகத் தெரியும். தறி ஓட்டினவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஊடை நூலைச் சுமந்து போகிற நாடா வெறுமனே போய்வர, தறி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தால் துணியே விழாது. நெடுக்கே ஓடுகிற பாவில் ஒரு நூல் அறுந்து, யாரும் பார்க்காமல் விட்டால், துணியின் நீளத்துக்கும் கோடு விழுந்துகொண்டே போகும். அதற்காகத்தான் தறிக்கு ஓர் ஆள் கண் கொட்டாமல் நிற்க வேண்டியிருந்தது. சகிச்சியும் அவர் மகன் கீச்சிரோவும் 1924-ல் முடித்த ஜி வகைத் தானியங்கித் தறியில் பாவு அறுந்தாலும் தறி நிற்கும். ஊடை தீர்ந்தாலோ, வேகம் குறையாமலே புது நாடா உள்ளே போய்ப் பழையதை வெளியே தள்ளும். ஒரே ஆள் நிறையத் தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். தறி நின்றால் அங்கே போனால் போதும். மான்செஸ்டர் பக்கத்து ஓல்டாம் ஊரில் இருந்த பிளாட் பிரதர்ஸ் அப்போது தறி, ஸ்பின்னிங் மிஷின்களுக்கு உலகப் பெயர் பெற்ற கம்பெனி. அவர்களே 1929-ல் ஒரு லட்சம் பவுண்டுக்கு இந்தத் தறியின் உரிமைக்கு ஒப்பந்தம் போட்டார்கள். யாருக்கு யார் தறி சொல்லிக்கொடுத்தது பார்! மில்லில் முதன்முதலாக இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சகிச்சி 1930-ல் காலமானார். கீச்சிரோவுக்குக் கார் மேல் கண். 1933-ல் தறிக் கம்பெனிக்குள்ளேயே கார் பிரிவு தொடங்கினார். 1935-ல் வந்த முதல் லாரி அடிக்கடி வழியில் நின்றது. கம்பெனி ஆட்களே போய் ரிப்பேர் செய்து கொடுத்தார்கள். 1937-ல் தனிக் கம்பெனி ஆனது. பிறகு யுத்தம், தோல்வி. அதையெல்லாம் நீ அங்கேயே என்னைவிட நன்றாகத் தெரிந்துகொள்வாய்.

1950-ஐ மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். நாட்டில் பணமுடை, வண்டி விற்கவில்லை, சம்பளம் கொடுக்க வழியில்லை. ஆட்களைக் குறைத்தால்தான் கடன் என்ற நிலைமையை வங்கிகள் உண்டாக்கின. ஆட்களை வெளியே அனுப்ப மாட்டேன் என்று சொல்லியிருந்தவர் கீச்சிரோ. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கடைசியில் சுமார் 2,000 பேர் வெளியேறினார்கள். அவர்கள் போகும்போது தானும் நாற்காலியில் இருக்கக் கூடாது என்று ஜூன் மாதம் கீச்சிரோவும் ராஜினாமா செய்தார். அந்த மாதமே கொரியாவில் யுத்தம் மூண்டு, அமெரிக்க ராணுவம் லாரிக்கு ஆர்டர் கொடுத்தது. கம்பெனி பிழைத்தது. அவர் இடத்துக்கு வந்தவர் தறிக் கம்பெனியிலிருந்து வந்த தாய்ஸோ இஷிடா. கீச்சிரோவைத் திரும்ப அழைத்தார்கள். ஆனால் பதவி ஏற்கும் முன்பே, 1952 மார்ச்சில், 57 வயதில் இறந்துபோனார். மில் மூடி ஆட்கள் வெளியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்போது முதலாளி ஒருத்தரும் கூட வந்து நின்றதில்லை. அதனால்தானோ என்னவோ, அந்த மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை.

இன்னொருவர் தாயிச்சி ஓனோ. அவரை நான் எங்கள் ஆள் என்றே சொல்வேன். டொயோடா நூற்பு நெசவு மில்லில் வேலை பார்த்துவிட்டு 1943-ல் கார் தொழிற்சாலைக்கு மாறினவர். மில்லில் ஒருவர் பல மிஷினைப் பார்க்கிறார். இங்கே வந்தால் லேத்துக்கு ஓர் ஆள், அது ஓடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறார். இது என்ன கூத்து என்று அவருக்குத் தோன்றியிருக்கும். மிஷின்களை மாற்றிப் போட்டு, ஒருவரே பலவற்றைப் பார்க்கும்படி செய்தார். தறி தானாக நிற்கிற குணத்தைக் கார் லைனுக்கும் கொண்டுவந்தார். அதுதான் உன் தலைக்கு மேல் தொங்குகிற ஆண்டோன் கயிறு. இழுத்ததும் விளக்கு எரியும், பாட்டு கேட்கும், டீம் லீடர் ஓடி வருவார். வண்டி அடுத்த எல்லைக் கோட்டைத் தாண்டுவதற்குள் சரிசெய்துவிட்டால் லைன் நிற்காது, முடியாவிட்டால் நிற்கும். உனக்கே இது தெரியும். அந்தக் கயிறு தறியிலிருந்து வந்தது என்று உன்னோடு இருக்கிற பசங்களுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பார்.

அதன் பலம் அமெரிக்காவில்தான் தெளிவாகத் தெரிந்தது. கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்று 1982-ல் மூடப்பட்டது. வேலைக்கு வராமை, சண்டை, மோசமான வண்டி என்று அதற்குக் கெட்ட பேர். 1984-ல் டொயோட்டாவும் அவர்களும் கூட்டாக அதைத் திறந்தபோது பெரும்பாலும் பழைய ஆட்களையே வேலைக்கு எடுத்தார்கள். கொஞ்சப் பேரை ஜப்பானுக்கு அனுப்பிக் காட்டினார்கள். பழைய ஆலையில் என்ன நடந்தாலும் லைன் நிற்கக் கூடாது. தப்பாகப் பூட்டின வண்டியும் அப்படியே போகும், கடைசியில் வெளியே நிறுத்தி ரிப்பேர் பார்ப்பார்கள். புது ஆலையில் கயிற்றை இழுத்தவனை யாரும் திட்டவில்லை, உதவிக்கு வந்தார்கள். கொஞ்ச காலத்திலேயே ஜப்பானில் செய்வதற்கு இணையான வண்டி அங்கிருந்து வந்தது. ஆள் அதே ஆள்தான். நிறுத்தலாம் என்று அனுமதி கிடைத்ததும் அதே கைகள் வேறு மாதிரி வேலை செய்தன.

ஆரம்பத்திலிருந்தே நல்ல வண்டி செய்தார்கள் என்று நினைத்துவிடாதே. 1957-ல் க்ரௌன் காரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அந்த ஊர் நெடுஞ்சாலை வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. சூடேறியது, நடுங்கியது. சில வருடத்தில் அனுப்புவதையே நிறுத்தி, திருத்தி, கொரோனாவோடு திரும்பப் போனார்கள். 1966-ல் வந்த கொரோலா 2021-க்குள் 5 கோடிக்கு மேல் விற்றுவிட்டது. நம் டூர் டிரைவர்கள் இன்னோவாவைப் பற்றிப் பேசுவதை நீயே கேட்டிருக்கிறாய். மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும் எஞ்சினைத் திறக்க வேண்டாம் என்பார்கள். விளம்பரத்தில் வந்த பேர் இல்லை அது. ஓட்டினவர்கள் கொடுத்தது.

இப்போது அந்தப் பையன் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். அவன் சொன்னது பொய் இல்லை.

2008-ல் ஜெனரல் மோட்டார்ஸைத் தாண்டி உலகத்தில் முதல் இடத்துக்கு வந்தார்கள். அடுத்த வருடமே, காருக்குள் தரையில் விரிக்கிற மேட் ஆக்சிலேட்டரில் சிக்கிக்கொள்வது, பெடல் ஒட்டிக்கொள்வது என்று புகார் கிளம்பியது. கலிபோர்னியாவில் ஒரு விபத்தில் நான்கு உயிர் போனது. உலகம் முழுக்க 80 லட்சத்துக்கும் மேலான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். 2010 பிப்ரவரியில் கீச்சிரோவின் பேரன் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் போய் நின்றார். முதலில் பாதுகாப்பு, அடுத்து தரம், அதற்கப்புறம்தான் எண்ணிக்கை என்ற எங்கள் வரிசை குழம்பிவிட்டது, வளர்ந்த வேகம் அதிகமோ என்று அஞ்சுகிறேன் என்ற பொருளில் பேசினார். எலக்ட்ரானிக்ஸில் கோளாறு என்ற சந்தேகத்தை நாசா ஆராய்ந்தது, அப்படி எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் தெரிந்த குறையை மறைத்ததற்காக 2014-ல் 120 கோடி டாலர் கட்ட வேண்டியிருந்தது. எனக்கு வலித்தது குறை வந்ததால் இல்லை, மறைத்ததால்.

அதைவிடப் பெரியது பின்னால் வந்தது. 2023 டிசம்பரில், டொயோட்டாவுக்கே சொந்தமான, சின்ன வண்டி செய்கிற டைஹாட்சுவில் 174 முறைகேடுகளை விசாரணைக் குழு கண்டுபிடித்தது. 64 வண்டி வகைகள். அதில் சில முறைகேடுகள் 1989 வரை பின்னால் போகின்றன. வண்டி அனுப்புவதையே நிறுத்த வேண்டி வந்தது. குழு சொன்ன காரணத்தைப் படித்தபோது எனக்கு மில் ஞாபகம்தான் வந்தது: நெருக்கிப் பிடித்த கெடு, டெஸ்டில் தோற்கவே கூடாது என்ற பயம், கீழே இருக்கிறவன் மேலே சொல்ல முடியாத நிலைமை.

நான் வேலை பார்த்த மில் ஒன்றில், பாவு அறுந்தால் தறியை நிறுத்துகிற டிராப் பின்னுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டுவார்கள். ஷிப்டுக்கு இத்தனை மீட்டர் என்று போர்டில் எழுதியிருக்கும். தறி நின்றால் மீட்டர் குறையும், மீட்டர் குறைந்தால் பேச்சு வாங்க வேண்டும். வயரைக் கழற்றச் சொல்லி யாரும் வாயால் சொன்னதில்லை, கழற்றினதை யாரும் கேட்டதும் இல்லை. செக்கிங் டேபிளில் இருந்த பெண்கள்தான் கோடு கோடாகத் துணியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டு தலையில் அடித்துக்கொள்வார்கள். டைஹாட்சுவில் நடந்ததும் இதேதான்.

அடுத்த மாதம், 2024 ஜனவரியில் வந்த செய்தியைக் கேட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. டீசல் எஞ்சின் பரிசோதனையில், விற்கிற வண்டியில் இருப்பதைவிட வேறு சாஃப்ட்வேரைப் போட்டு, எண்கள் ஏற்ற இறக்கமில்லாமல் வரும்படி பார்த்துக்கொண்டார்கள் என்று தெரிய வந்தது. செய்தது யார் தெரியுமா? நீ இருக்கிற அதே காரியாவில் இருக்கிற டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ், சகிச்சியின் தறிக் கம்பெனி. நூல் அறுந்தால் நிற்கிற தறியைச் செய்த வீடு. இங்கேகூட இன்னோவா கிரிஸ்டாவும் ஃபார்ச்சூனரும் ஹைலக்ஸும் டீலர்களுக்குப் போவது சில நாள் நின்றது. மறுநாளே அகியோ நகோயாவில் மன்னிப்புக் கேட்டார். வண்டியில் குறை இருந்ததோ இல்லையோ, எழுதிக் கொடுத்த காகிதம் பொய். பேர் கெட அது போதும்.

அதனால் அந்தப் பையனிடம் சண்டைக்குப் போகாதே. ஆனால் பேர் முடிந்துவிட்டது என்று அவன் சொல்வதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இத்தனை வருடமாக அந்த வண்டிகள் ஓடுவது, யாரோ ஓர் ஆள் கயிற்றை இழுத்ததால், இழுத்தவனிடம் இன்னொருவர் ஓடி வந்ததால். அது இன்னும் அங்கே பல லைன்களில் தினம் நடக்கிறது. நீ போயிருப்பது அதைக் கற்றுக்கொள்ளத்தான். சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறாய்.

அந்த அளவு விஷயத்தை நாளைக்கே சொல்லிவிடு, கண்ணு. ஜப்பான் மொழியில் வாய்க்கு வராவிட்டால் எழுதிக் கொடு: எந்தப் பாகம், எந்த மிஷின், எந்த ஷிப்ட், எத்தனை பீஸ் அளந்தாய், எவ்வளவு விலகியது. யார் தப்பு என்று எழுதாதே. நீ அளந்ததில் தவறு இருந்தால் அவர்களே காட்டிக் கொடுப்பார்கள், அதுவும் கற்றுக்கொண்டது மாதிரிதான். யாராவது முகம் சுளித்தால் எனக்குப் போன் பண்ணு, எந்த நேரமானாலும் சரி.

இன்னொரு வேலையும் இருக்கிறது உனக்கு. நகோயாவில் சாக்கோ ஸ்டேஷன் பக்கம், 1911-ல் சகிச்சி தறி போட்ட இடத்திலேயே, அந்தப் பழைய செங்கல் கட்டடத்தில் மியூசியம் வைத்திருக்கிறார்கள். ஜி வகைத் தறியை அங்கே ஓட்டியே காட்டுகிறார்களாம். லீவு நாளில் போய்ப் பார். நாடா மாறுகிற இடத்தைப் பக்கத்தில் நின்று வீடியோ எடு, வலது பக்கம் இருந்து. ஓடுகிற வேகத்தில் புது நாடா எப்படி உள்ளே நுழைகிறது, பழைய நாடாவை எது தள்ளுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். படத்தில் எத்தனை தடவை பார்த்தும் அந்த இடம் மட்டும் பிடிபடவில்லை. காட்டுகிறவரிடம் கேட்டு, மெதுவாக ஒரு தடவை கையால் சுற்றிக் காட்டச் சொல்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. அம்மா பருப்புப் பொடி பார்சல் அனுப்பியிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா