அடுத்த வீட்டுக் கதவுக்குப் போகும் அட்டை

அன்புள்ள மகனுக்கு,

மெல்போர்னுக்குப் போய் இத்தனை மாதமாகியும் ஒன்றும் பார்க்கவில்லை, எதையும் கற்றுக்கொள்ளவில்லை, அலுவலகமும் அறையும் தூக்கமுமாகவே நாள் ஓடுகிறது என்று போனில் சலித்துக்கொண்டாய். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. ஜெர்மனியின் இந்த ஸ்டுட்கார்ட்டில் குடித்தனம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், இங்குள்ள தொலைக்காட்சிக் கோபுரம் எனக்கு எதையும் கற்றுத் தரவில்லை. 1956-இல் திறந்தார்களாம். கான்கிரீட்டில் கட்டிய தொலைக்காட்சிக் கோபுரங்களில் அதுதான் உலகத்திலேயே முதலாவதாம். ஏறினேன், காற்று முகத்தில் அறைந்தது, இறங்கிவிட்டேன். நான் கற்றதெல்லாம் எங்கள் கட்டடத்தின் படிக்கட்டில்தான்.

நீ கல்லூரி விடுதியில் இருந்தபோது நாங்கள் இங்கே குடிவந்தோம் அல்லவா? வந்த புதிதில் ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால், கைப்பிடியில் ஓர் அட்டை தொங்கியது. 'கேர்வோக' என்று அச்சிட்டிருந்தது. யார் வீட்டுக் கதவில் அது தொங்குகிறதோ, அந்த வாரம் கூட்டித் துடைப்பது அவர்கள் முறை. இந்த வட்டாரத்து வழக்கம் இது. சின்ன முறை என்றால் நம் மாடிப் படிக்கட்டோடு முடிந்துவிடும். பெரிய முறை என்றால் நுழைவாயில், நிலவறை, குப்பைத் தொட்டி நிற்கும் இடம், வெளியே நடைபாதை எல்லாம் சேரும். பனி கொட்டினால் காலையில் எழுந்து அதையும் தள்ள வேண்டும். வேலை முடிந்ததும் அட்டையைக் கழற்றி அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிடலாம்.

இது நேற்று வந்த வழக்கமும் இல்லை. அவரவர் வீட்டுச் சாணத்தை வாரந்தோறும் வெளியேற்ற வேண்டும் என்று 1492-லேயே இந்த நகரத்துச் சட்டத்தில் எழுதிவைத்தார்களாம். கொலம்பஸ் கப்பலேறிய வருஷம்! நகராட்சி 1988-இல் கட்டாயத்தை நீக்கிவிட்டது. வாடகை ஒப்பந்தங்கள் மட்டும் அதை விடவில்லை. எங்கள் எதிர்வீட்டுப் பாட்டியும் விடவில்லை.

முதல் முறை நான் துடைத்து முடித்து நிமிர்ந்தபோது அவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். படிக்கட்டை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மாடிப்படி ஜன்னலின் விளிம்பில் ஆள்காட்டி விரலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்து, விரல் நுனியை என் கண்ணுக்கு நேரே நீட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு ஜெர்மன் அப்போது அரைகுறை, ஆனால் அந்த விரலுக்கு மொழி தேவைப்படவில்லை. "மாமியார் இல்லாத நாட்டுக்கு வந்தும் மாமியாரா?" என்று அன்று ராத்திரி அப்பாவிடம் பொருமித் தீர்த்தேன்.

என்ன சொன்னாலும் அந்த அட்டை மாட்டுகிற வேலை எனக்குப் பிடித்துப்போனது. நம் ஊரிலும்தான் விடிவதற்குள் வாசல் தெளிக்கிறோம், கோலம் போடுகிறோம். ஆனால் பெருக்கிய குப்பை நைசாகப் பக்கத்து வீட்டு எல்லையில் போய் ஒதுங்கும். நம் வாசல் பளிச்சென்று இருந்தால் போதும். இங்கே அப்படி முடியாது. என் கையிலிருந்து படிக்கட்டு இன்னொருவர் கைக்குப் போகிறது. வாங்கிக்கொள்கிறவர் யார், எப்படி இருந்தால் அவருக்கு வேலை குறையும் என்று துடைக்கும்போதே மனத்தில் ஓடும். நமக்குப் பின்னால் வருகிறவருக்கு ஓர் இடம் விட்டுவைப்பது என்று இதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

அது ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு எங்கும் படுகிறது. கடையில் பணம் கட்டும் இடத்தில், ஓடும் பட்டையின் மேல் தன் சாமான்களை அடுக்கி முடித்தவர் கடைசியில் ஒரு தடுப்புக் கட்டையை எடுத்து வைப்பார். தன் சாமானைக் காத்துக்கொள்ள அதைச் செய்யவில்லை. பின்னால் நிற்பவர் தன் சாமான்களை எடுத்து வைக்கத் தொடங்கலாம் என்பதற்கு அது அடையாளம். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். குளிர்பான பாட்டில் சமாச்சாரமும் உண்டு. 2003-இலிருந்து இங்கே ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பாட்டிலுக்கும் டின்னுக்கும் வைப்புத்தொகை இருக்கிறது, ஒன்றுக்கு 25 சென்ட். காலியானதைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் பணம் திரும்ப வரும். அதைத் தூக்கிக்கொண்டு போக மனமில்லாதவர்களில் பலர், குப்பைத் தொட்டிக்குள் எறியாமல் தொட்டியின் காலடியில் நிறுத்திவிட்டுப் போவார்கள். அதைப் பொறுக்கிச் சில்லறை சேர்ப்பவர்கள் உண்டு, ஓய்வூதியம் பற்றாத முதியவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அவர் தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவக் கூடாதே என்றுதான் வெளியே வைப்பது. இவ்வளவு பணக்கார நாட்டில் முதியவர்கள் பாட்டில் பொறுக்க வேண்டியிருக்கிறதே என்று நீ கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். எனக்கும் பதில் தெரியாது.

நெடுஞ்சாலையில் பார்த்தது இன்னொன்று. ம்யூனிக் போகிற வழியில் வண்டிகள் ஊர்ந்து நகரத் தொடங்கின. இடது ஓரத் தடத்தில் இருந்தவை இன்னும் இடதுபுறம் ஒண்டின, மற்றவையெல்லாம் வலதுபுறம் ஒதுங்கின, நடுவில் ஒரு வழி பிறந்தது. ஆம்புலன்ஸ் சத்தமே அப்போது இல்லை. எங்கோ முன்னால் யாருக்கோ அடிபட்டிருக்கலாம் என்ற ஊகத்துக்கே அவ்வளவு பேரும் வழி விட்டார்கள். நான் நெகிழ்ந்துபோய்ப் பேசிக்கொண்டிருந்தபோது, "விடாவிட்டால் 200 யூரோ அபராதம், ஒரு மாதம் வண்டியைத் தொட முடியாது" என்றார் அப்பா. இருக்கட்டுமே! நல்ல குணம் எல்லா நாளும் வேலை செய்யாது என்று தெரிந்து சட்டம் போட்டவர்களைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு அம்மா இந்த நாட்டில் மயங்கிவிட்டாள் என்று எண்ணாதே. எங்கள் பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டு வாசலுக்கு முன்னால், நடைபாதையில் ஒரு பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள். பத்து சென்டிமீட்டர்தான், சதுரமாக இருக்கும். குனிந்தால்தான் படிக்க முடியும். இந்த வீட்டில் இன்னார் வாழ்ந்தார், இந்த ஆண்டு பிறந்தார், இந்த ஆண்டு கொண்டுபோனார்கள், இந்த ஊரில் கொன்றார்கள். அவ்வளவுதான் எழுத்து. நாஜிகளால் கொல்லப்பட்டவர்களின் நினைவாகக் குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1990-களில் தொடங்கிய வேலை அது. ஐரோப்பா முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேல் பதித்தாகிவிட்டது. 1941 டிசம்பர் 1-ஆம் தேதி இங்குள்ள வடக்கு ரயில் நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் யூதர்களை ரயிலேற்றி லாட்வியாவிலுள்ள ரீகாவுக்கு அனுப்பினார்கள். மிகச் சிலரே பிழைத்தார்கள். அந்த வாரமும் இந்தத் தெருக்களில் படிக்கட்டுகள் துடைக்கப்பட்டுத்தான் இருக்கும், ஜன்னல் விளிம்புகளில் தூசி இருந்திருக்காது. எதிர்வீடு காலியாகிவிட்டதைப் பார்த்தவர்கள் வழக்கம்போல வாளியை எடுத்திருப்பார்கள்.

அதனால் ஒழுங்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட எனக்கு மனம் வருவதில்லை. பின்னால் வருகிறவருக்கு இடம் விடுகிறார்களா என்று மட்டும் பார்த்தால் போதாது, யாரைப் பின்னால் வருகிறவராகக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. கறுத்த தோலும் உடைந்த ஜெர்மனுமாக இங்கே வாழ்கிறவளுக்கு அது புத்தக விஷயமில்லை. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும் நாட்களும் உண்டு.

பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். இடுப்பு அறுவைக்காக அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவருடைய முறையையும் நானே செய்தேன். திரும்பி வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார், கேக் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் ஊன்றுகோலோடு மாடிப்படியில் நின்று ஜன்னல் விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்துச் சிரித்தேன். தபால்காரர் எனக்கு வருகிற பார்சலை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார், அவருடையது என்னிடம் வரும். எங்கள் நட்பில் பாதி அந்தப் பார்சல்களால் வளர்ந்தது.

உன் கட்டடத்தில் எல்லோருக்கும் பொதுவாகத் துணி துவைக்கும் இயந்திரம் இருக்கிறது, இறங்கிப் போகக் கொஞ்சம் தாமதமானால் யாரோ உன் ஈரத்துணியை எடுத்து வெளியே வைத்துவிடுகிறார்கள் என்று திட்டினாயே, அதை எனக்கு விவரமாக எழுது. எப்படி வைத்திருந்தார்கள்? தரையில் அள்ளிப் போட்டார்களா, கூடைக்குள்ளா, மடித்தா? ஒவ்வொரு முறையும் ஒரே ஆள்தானா? நீ அடுத்தவர் துணியை எடுக்க நேர்ந்தபோது என்ன செய்தாய்? சுற்றுலாத் தலங்களைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம், அவற்றின் படம் எல்லா இடத்திலும் கிடைக்கிறது.

அப்பா நன்றாக இருக்கிறார். பாட்டில் சேர்ப்பதில் அவருக்கு இப்போது தனி ஆர்வம், சனிக்கிழமை காலையில் பையோடு கிளம்பிவிடுகிறார். உங்கள் ஊரில் ஒரு பாட்டிலுக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டு எழுதச் சொன்னார். மறக்காமல் பதில் போடு, இல்லாவிட்டால் நள்ளிரவில் உனக்குப் போன் செய்வார்.

அன்புடன்,
அம்மா