எழுபதுகளை எழுபதுகளின் குரலிலேயே கேட்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கைக்கோள் வானொலியைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரை, அமெரிக்காவின் சிரியஸ்எக்ஸ்எம் நடத்தும் பத்தாண்டு வாரியான அலைவரிசைகள் அந்தந்தக் காலத்தை அப்படியே கண்முன் நிறுத்துவதாகப் பாராட்டியிருந்தது. நியூ ஜெர்சியில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் எழுபதுகளுக்கான 'செவன்டீஸ் ஆன் செவன்' அலைவரிசையை நெடுநாளாகக் கேட்டு வருகிறவன் என்ற முறையில், அந்தப் பாராட்டு வார இறுதிக்கே பொருந்தும் என்று சொல்ல விரும்புகிறேன்.

பத்தாண்டுக்கென்று ஒதுக்கப்பட்ட எந்த வானொலியும் வழக்கமான நேரங்களில் ஒலிபரப்புவது அந்தப் பத்தாண்டின் பாடல்களில் இன்றும் செல்லுபடியாகிறவற்றைத்தான். ஈகிள்ஸ், ஃப்ளீட்வுட் மேக், பீ ஜீஸ் என்று கேட்கக் கேட்கச் சுகமாகவே இருக்கிறது. இடையில் விளம்பரம் இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் அதே அலைவரிசை தொடர்கிறது. ஆனால் 1977இல் டெபி பூன் பாடிய ஒரு பாட்டு அமெரிக்காவின் வாராந்தரப் பாடல் தரவரிசையான பில்போர்டு பட்டியலில் தொடர்ந்து பத்து வாரம் முதலிடத்தில் இருந்தது, எழுபதுகளில் வேறெந்தப் பாட்டும் அவ்வளவு காலம் அங்கே நிலைத்ததில்லை என்பதை, இன்றைய வானொலியை மட்டும் கேட்டு வளர்ந்த ஒருவர் ஊகிக்கவே முடியாது. நாடே கேட்ட பாட்டு காதில் விழுவதே அபூர்வமாகிவிட்டது.

வார இறுதியில் நிலைமை மாறுகிறது. வானொலி அறிவிப்பாளர் கேசி கேசம் 1970 ஜூலையில் தொடங்கிய 'அமெரிக்கன் டாப் ஃபார்ட்டி' நிகழ்ச்சியின் பழைய ஒலிப்பதிவுகள் அப்போது ஒலிபரப்பாகின்றன. நாற்பதாம் இடத்திலிருந்து முதலிடம் வரை அந்த வாரப் பட்டியலை அவர் வரிசையாக எண்ணிக்கொண்டு வருவார். இப்போது நடக்கும் வாரம் எதுவோ, அதே வாரத்துக்குரிய ஏதோ ஓர் ஆண்டின் நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்துப் போடுகிறார்கள். பட்டியலை முழுவதுமாகப் போடுவதால் பிடித்தது, பிடிக்காதது, மறந்தே போனது எல்லாம் கலந்து வருகின்றன. 1974 ஏப்ரலில் எல்டன் ஜான் முதலிடத்தைப் பிடித்த நாட்களில், அடிலெய்டைச் சேர்ந்த ஜேனட் மீட் என்ற கன்னியாஸ்திரி, 'பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கும் ஜெபத்தை ராக் இசையில் பாடி நான்காம் இடம் வரை வந்திருந்தார். எந்தத் தொகுப்பாளரும் இன்று தானாகத் தேடி எடுத்துப் போடமாட்டார். அந்த ஏப்ரல் மாதத்து நிகழ்ச்சியிலோ அதைத் தவிர்க்கவே முடியாது.

இதைவிட முக்கியமானது, கேசத்துக்கு அடுத்த வாரம் தெரியாது என்பது. 1973 ஜூலைக் கடைசியில் ஜிம் குரோச்சியின் பாட்டு முதலிடத்தில் இருந்தது. மேலே வந்துகொண்டிருக்கும் ஒரு பாடகரைப் பற்றிச் சொல்லும் அதே கலகலப்போடுதான் கேசம் அதை அறிவித்தார். செப்டம்பர் 20ஆம் தேதி லூயிசியானாவில் நடந்த விமான விபத்தில் முப்பதே வயதான குரோச்சி இறந்துபோகிறார். டிசம்பர் முடிவில் அவருடைய இன்னொரு பாட்டு முதலிடத்துக்கு வருகிறது. இன்றைய அறிவிப்பாளர் குரோச்சியின் பெயரைச் சொன்னால் அடுத்து விபத்தைச் சொல்லாமல் இருக்கமாட்டார். ஜூலை மாத ஒலிப்பதிவில் அந்த மனிதர் வெறுமனே வெற்றி பெற்ற ஒரு பாடகர், அவ்வளவுதான். காலத்தை அப்படியே தருவது என்று கட்டுரையாளர் சொன்னதற்கு இதைத்தான் உதாரணமாகக் காட்டியிருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. நாற்பது பாட்டுகளையும் மூன்று மணி நேரத்துக்குள் அடைக்க வேண்டியிருந்ததால் பல பாட்டுகளை அன்றே வெட்டிச் சுருக்கினார்கள். 1978 அக்டோபரில் நான்கு மணி நேரமாக்கிய பிறகுதான் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தது. அதே ஆண்டில் சேர்ந்த, தொலைவில் இருப்பவருக்கு நேயர் கடிதம் எழுதிப் பாட்டுக் கேட்கும் பகுதி சில வேளை கண்ணீரை வலிந்து வரவழைக்கும். (நேயர் விருப்பம் கேட்டு வளர்ந்த நமக்கு அதில் குறைசொல்லத் தகுதி இருக்கிறதா என்பது வேறு விஷயம்.)

எண்பதுகளுக்கான 'எய்ட்டீஸ் ஆன் எய்ட்' அலைவரிசையிலும் ஒரு நாற்பது பாட்டு வரிசை உண்டு. 1981இல் எம்டிவி தொடங்கியபோது திரையில் தோன்றிய மார்க் குட்மன், நீனா பிளாக்வுட், ஆலன் ஹன்டர் ஆகியோரின் குரல்களை அந்த அலைவரிசையில் கேட்கலாம். அவர்கள் சொல்லும் பழைய கதைகள் சுவையானவை. இருந்தாலும் அவை நடந்து முடிந்தவற்றை அறிந்தவர்கள் இன்றிருந்து திரும்பிப் பார்த்துச் சொல்பவை. கேசம் 1988 வரை அதே நிகழ்ச்சியை நடத்தினார். அவருடைய எண்பதுகளின் ஒலிப்பதிவுகளைச் சாதாரண வானொலி நிலையங்கள் சில வார இறுதியில் இப்போதும் போடுகின்றன. எட்டாம் எண் அலைவரிசையிலும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவற்றுக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கினால், ஏழிலிருந்து எட்டுக்கு மாற எனக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
எடிசன், நியூ ஜெர்சி